ஒரகடம் பால்கனியில ஐவி வளருமா?

"ஊட்டியில செழிக்கிற ஐவி, ஒரகடத்துல நம்ம பால்கனித் தொட்டியில ஏன் காயுது?" இதுதான் இன்றைய கேள்வி.

ஐவி குளிர்நாட்டுக் கொடி. இங்க மே மாசம் வெயில் 40 டிகிரியைத் தொடும். இலை வாடுதேன்னு தண்ணியை ஊத்துவோம். வேர் அழுகும், அழுகின வேர் தண்ணியை உறிஞ்சாது, இலை இன்னும் வாடும்.

வடக்கு, கிழக்கு பார்த்த பால்கனின்னா முயற்சி பண்ணலாம். அடியில துளை வேணும். மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர். இலைக்கு அடியில சிலந்திப்பேன் இருந்தா, தண்ணியைப் பீய்ச்சிக் கழுவுங்க.

மேற்கு வெயிலா? காசை வீணாக்காதீங்க, கோவைக்கொடி வைங்க. ஆங்கிலத்துல அதுக்கும் 'ஐவி கார்டு'ன்னுதான் பேர்! காய்க்கிற கொடியிலிருந்து தண்டு வெட்டி நடுங்க. ஆண் கொடி காய்க்காது. பச்சையும் கிடைக்கும், பொரியலுக்குக் காயும் கிடைக்கும்.