செலவு சிறிது, செய்தி பெரிது

கோலார் தங்கவயலை அடுத்துப் பூதிகோட்டை என்றோர் ஊர் உண்டு. ஹைதர் அலி பிறந்த ஊர் அது. தங்கவயலில் வாழ்ந்த தமிழர்க்குப் பழகிய பெயரே. நாம் இன்று அதனை நினைவுகூர்வது அங்கு எழுந்த ஒரு குரலின் பொருட்டு.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மைராடா, வாய்சஸ் என்னும் தொண்டு நிறுவனங்கள், யுனெஸ்கோவின் துணையோடு, அவ்வூரில் ‘நம்ம த்வனி’ என்னும் ஒலிபரப்பைத் தொடங்கின. நமது குரல் என்பது அதன் பொருள். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயினும் தொண்டு நிறுவனங்கள் வானொலி நிலையம் நடத்த 2006-ல்தான் அரசு வழிவிட்டது. பூதிகோட்டையார் அதுவரை காத்திருக்கவில்லை. ஊர்ப் பெண்கள் ஒலிப்பதிவுக் கருவி கொண்டு நிகழ்ச்சிகளைப் பதிந்தனர். சுய உதவிக் குழுக் கூட்டங்களில் அவற்றைப் போட்டுக் கேட்டனர். பின்னர், வீடுகளுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற கேபிள் கம்பி வழியாகவே ஒலியையும் அனுப்பினர். கோபுரம் இல்லை, உரிமக் கட்டணமும் இல்லை.

அவர்கள் எதைப் பேசினர் என்பதே நாம் கருதத் தக்கது. தம் நிறுவனத்தின் பெருமையையன்று. குடிநீர்க் குறையை, விதையை, பிள்ளைகளின் படிப்பைப் பேசினர். கேட்டவர்க்கு அது தம் வீட்டுச் செய்தியாயிற்று. நிறுவனத்தின் பெயர் தானே பரவிற்று.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், நூலகங்கள், மாலை வகுப்புகள் ஆகியவற்றின் நிலை யாது? மண்டப வாடகையும் ஆண்டு விழா அழைப்பிதழும் போக எஞ்சுவது சொற்பம். இரண்டு தெரு தள்ளித் தமிழ்க் குடும்பம் இருக்கும். வகுப்பு நடப்பது அதற்குத் தெரியாது. பிள்ளைகள் வராமையால் வகுப்பு மூடப்படும். இந்தக் குறையை இணையத்தின் வழியே பெரும் பொருட்செலவின்றிப் போக்கலாம்.

முதலில் கூகுள் வரைபடத்தில் நூலகத்தின் முகவரியையும் திறந்திருக்கும் நேரத்தையும் பதிய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பெயரைத் தமிழில் மட்டும் எழுதிவிட்டுத் திருப்தி கொள்ளுதல் கூடாது. புனேயில் தமிழ் வகுப்பைத் தேடும் தந்தை பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே தேடுவார். அவர் தேடும் சொற்களும் அங்கே இருத்தல் வேண்டும்.

பதிவு பெற்ற தொண்டு அமைப்பாயின், ஆவணங்கள் சரிபார்க்கப்பட்ட பின், மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரங்களைக் கூகுள் இலவசமாக வெளியிடுகிறது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதற்குத் தகுதி பெறா. பணம் கைக்கு வராது. வெறும் எழுத்து விளம்பரமே. சொந்த இணையதளம் வேண்டும். நூறு முறை காட்டப்படும் விளம்பரம் ஐந்து முறையேனும் சொடுக்கப்பெற வேண்டும் என்றும் விதியுண்டு. ஆகவே ‘தமிழ்’ என்ற பொதுச்சொல்லை நம்பிப் பயனில்லை. ஊர்ப்பெயரோடு சேர்த்து எழுதினால்தான் உரியவர் வருவர்.

வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் தொலைபேசியில் குறித்து வைத்தவர்க்கே செய்தி சேரும். இது பலருக்குத் தெரியாமையால், அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியோடு இருந்துவிடுகின்றனர். அடுத்த கூட்டத்தில் வாயிலிலேயே ஒருவர் நின்று, வருவோரிடம் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லட்டும்.

அனுப்புவது யாது? தலைவர் பொன்னாடை பெறும் படங்களை உறவினர் மட்டுமே பார்ப்பர். அதைவிட, மாலை வகுப்புக் குழந்தை ஒன்று தன் பாட்டிக்கு முதன்முதலாக எழுதிய கடிதத்தைத் தானே படிக்கும் ஒரு நிமிட ஒலிப்பதிவைப் பெற்றோரின் இசைவோடு அனுப்பலாம். கைத்தொலைபேசியே போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும். பதிவின் முடிவில் இடம், கிழமை, நேரம், தொடர்பு எண் ஆகிய நான்கையும் சொல்லவேண்டும். அந்த எண்ணுக்கு அழைப்பு வருங்கால் எடுத்துப் பேச, மாலை ஆறு முதல் எட்டு வரையேனும் ஒருவர் இருப்பது அவசியம்.