சந்தை நடுவே ஒரு திருச்சிலுவை

ஆலயப் பீடத்தின்மேல் திருச்சிலுவை நிற்பதில் வியப்பில்லை. விலை பேசி, நிறுத்து, பணம் எண்ணும் இடத்தின் நடுவே அது நிற்குமாயின் நாம் சற்றே நின்று சிந்திக்கவேண்டும் அன்றோ?

ஜெர்மனி நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திரியர் நகர். உரோமைப் பேரரசர்கள் வாழ்ந்த இப்பழம்பதியை 882-ஆம் ஆண்டு நார்மானியர் சூறையாடினர். பின்னர் வணிகம் பேராலயத்தின் அருகே மீண்டும் தளிர்த்தது. 958-இல் பேராயர் ஹைன்ரிக் அச்சந்தையில் கற்றூண் ஒன்றை நாட்டி, அதன்மேல் கற்சிலுவையை ஏற்றினார். அதன் நடுவே இறைவனின் செம்மறி செதுக்கப்பட்டுள்ளது. வானின்று மக்கள்மேல் வந்த சிலுவைக் குறிகளின் நினைவாக இது எழுப்பப்பட்டதென அதன் இலத்தீன் கல்வெட்டு சாற்றுகிறது.

சந்தை பேராயரின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதற்கும் இச்சிலுவையே அடையாளம். சந்தைக்கு வருவோர் அச்சமின்றி வாங்கவும் விற்கவும் உரிய அமைதியையும் அது குறித்தது.

அருகிலேயே புனித கங்கோல்ஃப் ஆலயம் உள்ளது. சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்பதால், 1732-இல் கட்டிய வாயில் வழியே சந்தையிலிருந்து அதனுள் செல்கின்றனர். கடைவீதிக்கும் கடவுளின் இல்லத்துக்கும் இடையே சில அடிகளே! எதிரே 1595-ஆம் ஆண்டின் பேதுரு நீரூற்று. விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்னும் நான்கு தலையாய புண்ணியங்களும் அங்கே சிலைகளாய் நிற்கின்றன.

ஆயினும் சிலுவை நிழலிலும் மனிதர் மனிதரே. 1507-இல் நகர மக்கள் கங்கோல்ஃப் ஆலயக் கோபுரத்தைப் பேராலயக் கோபுரத்தினும் உயர்த்தினர். அது பொறாத பேராயர் பேராலயக் கோபுரம் ஒன்றை உயர்த்தினார் என்பர். உயரத்தில் போட்டியிட்ட இரு தரப்பினருக்கும் இடையே, தம்மைத் தாழ்த்தியவரின் சின்னம் மௌனமாய் நின்றது.

இன்று மூலச் சிலுவை நகர்க் காட்சிசாலையில் காக்கப்படுகிறது. சந்தையில் நிற்பது அதன் படியே. கல்லைக் காப்பது முறைதான். நம் விசுவாசம் காட்சிப்பொருளாகிவிடலாமா? கடைச் சுவரில் திருச்சிலுவைப் படம் மாட்டி மாலையிடுகிறோம். அதன் கீழே தராசு சாயுமாயின், கலப்படம் விற்குமாயின், வேலையாளின் கூலி குறையுமாயின், அம்மாலையால் பயன் என்ன? கள்ளத் தராசை ஆண்டவர் வெறுக்கிறார் என நீதிமொழிகள் ஆகமம் எச்சரிக்கிறது.

அன்பார்ந்த குடும்பங்களே! ஞாயிறன்று பீடத்தின் முன் பணிகிற நாம், திங்களன்று கடைவீதியிலும் அதே சிலுவையின் முன் நிற்கிறோம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாலன்று, நேர்மையான கணக்கால் கற்பிப்போமாக.