முட்டையிடாத கோழிக்கும் முதுமை உண்டு

நியூ ஜேர்சி மாநிலத்தின் மான்மவுத் ஜங்ஷன், இரயில் பாதைகள் சந்தித்ததனால் பெயர் பெற்ற ஊர். இன்று அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சவுத் பிரன்ஸ்விக் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அத்தகைய ஊர்களில், நகரசபை விதிகள் இடங்கொடுக்கும் பின்வளவுகளில், எம்மவர் சிலர் நான்கைந்து கோழிகளை வளர்த்து வருகின்றனர். முட்டைக்காக மட்டுமன்று, மொழி புரியாத நாட்டில் பகலெல்லாம் தனித்திருக்கும் முதியோருக்கு, அழைத்தால் ஓடிவரும் உயிர் ஒன்று வேண்டியிருக்கிறது என்பதற்காகவும் ஆகும்.

அகதிகளும் கோழிகளும் இம்மாநிலத்துக்குப் புதியவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின் பின்னர், நாசிகளிடமிருந்து உயிர்தப்பிய யூதக் குடும்பங்கள் பல நியூ ஜேர்சியின் வைன்லாந்துப் பகுதியில் குடியேறிக் கோழிப் பண்ணை நடத்தியே வாழ்வைத் தொடங்கின. எமது ஊர்களில் வெள்ளைக்கழிச்சல் என்றும், இந்திய நூல்களில் ராணிக்கெட் என்றும் வழங்கும் கொடிய நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தின் கதையும் இங்கேயே தொடங்கியது. 1946 இல் நியூ ஜேர்சிப் பண்ணையாளர் ஒருவரின் கோழிகளிலிருந்து அந்த வைரசு வகை பிரித்தெடுக்கப்பட்டது. அப்பண்ணையாளரின் குடும்பப் பெயரே லசோட்டா. தமிழ்நாட்டுக் கிராமத்துக் கோழிக்குஞ்சின் கண்ணில் விடப்படும் ஒரு துளி மருந்து, இம்மண்ணின் பெயரைச் சுமந்து செல்கிறது.

ஆயினும், எம்மவரின் வளவுகளில் கோழி நோயுறும்போது பழைய வழக்கங்கள் இரண்டு தலைதூக்குகின்றன. ஒன்று, தூங்கி வழியும் கோழியைச் சாகுமுன் அறுத்துக் கறியாக்குவது. மற்றையது, ஊரிலிருந்து பயணப் பெட்டியில் வந்த குளிசையை நீரில் கரைத்துப் பருக்குவது. இரண்டும் இன்று உயிராபத்தானவை என்பதை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலாவதன் காரணம் பறவைக் காய்ச்சல். 2022 முதல் எச்5என்1 வைரசு அமெரிக்காவின் பண்ணைகளையும் வீட்டுக் கோழிகளையும் தாக்கி வருகிறது. 2024 டிசெம்பரில் கலிபோர்னியா அவசரநிலையைப் பிரகடனம் செய்தது. 2025 ஜனவரியில் லூசியானாவில் 65 வயதைக் கடந்த ஒருவர் இந்நோயால் இறந்தார். அமெரிக்காவில் இந்நோய்க்குப் பலியான முதல் மனிதர் அவரே. வீட்டு வளவில் வளர்த்த பறவைகளோடும் காட்டுப் பறவைகளோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. நன்றாகச் சமைத்த இறைச்சியில் இவ்வைரசு பிழைப்பதில்லை. ஆனால் நோயுற்ற கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, குடல் நீக்கும் கைகளுக்கே ஆபத்து மிகுதி. எமது வீடுகளில் அக்கைகள் பெரும்பாலும் அம்மாவுடையவை, அல்லது அம்மம்மாவுடையவை.

கோழிகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாக இறத்தல், முகம் வீங்குதல், பூ ஊதா நிறமாதல், கழுத்துத் திருகுதல், முட்டை சட்டென நின்றுபோதல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றைக் கண்டால் கையுறையும் முகமூடியுமின்றித் தொடலாகாது. மாநில விவசாயத் திணைக்களத்துக்கோ, மத்திய விவசாயத் திணைக்களத்தின் 1-866-536-7593 என்னும் இலக்கத்துக்கோ அறிவித்தல் வேண்டும். நோய் உறுதியானால் எஞ்சிய கோழிகளும் அழிக்கப்படும் என்பது கசப்பான உண்மை. ஆனால் உயிரோடிருந்து அழிக்கப்படும் பறவைக்கு இழப்பீடு உண்டு. முன்னரே இறந்ததற்கு இல்லை. எனவே மறைப்பதால் இலாபம் எதுவுமில்லை.

அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளோர் அரச அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுக்கத் தயங்குவதை நாம் அறிவோம். சீருடை கண்டு அஞ்சி வளர்ந்த சமூகத்துக்கு அந்தத் தயக்கம் இயல்பானது. அவ்வாறாயின் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லது மிருக வைத்தியர் மூலம் அறிவியுங்கள். பேசாதிருப்பது மட்டும் தகாது.

இனி மருந்து. இந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில், நீங்கள் பெயர் சூட்டி வளர்க்கும் கோழியும் உணவுக்குரிய பிராணியே. 2023 ஜூன் முதல் கால்நடைகளுக்கான முக்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பெற மிருக வைத்தியரின் சீட்டு வேண்டும். எமது நாடுகளில் கோழிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் என்ரோபுளொக்சசின் இங்கு 2005 இலேயே கோழிகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அத்தகைய மருந்தின் எச்சம் முட்டை வழியாகக் குழந்தையின் தட்டை அடையும்.

நாய், பூனை வளர்ப்போருக்கு எச்சரிக்கை இன்னும் கடுமையானது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோல், அமெரிக்காவில் ரைலினோல் எனப்படுவது, பூனைக்கு நஞ்சு. ஒரேயொரு குளிசையே அதனைக் கொல்லக்கூடும். அதனை முறித்தழிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டினதும் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மிஞ்சிய கறிச்சோறும் பாயாசமும் அன்பின் அடையாளமன்று. காய்ச்சாத பாலும் ஆகாது: 2024 மார்ச்சில் ரெக்சாஸ் பண்ணையொன்றில், நோயுற்ற பசுக்களின் பாலைக் குடித்த பூனைகள் பறவைக் காய்ச்சலால் இறந்தன.

நோயைப் போலவே முதுமையும் கவனிப்பை வேண்டுவது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். இன்றைய முட்டைக்கோழி ஏறத்தாழ முந்நூறு இடுகிறது. அந்த உழைப்பின் விலையாக, இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் முட்டை சிக்குதல், வயிற்றினுள் அழற்சி, சூலகப் புற்றுநோய் ஆகியன தோன்றுகின்றன. ஆயினும் நல்ல பராமரிப்பில் கோழி எட்டு ஆண்டுகளும் வாழும்.

கோழி தன் நோயை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினால் கூட்டமே அதனைக் கொத்தும். ஆகையால் நாள்தோறும் காலையில் பாருங்கள். தீனிக்குமுன் கழுத்தடி இரைப்பை வெறுமையாக இருக்கிறதா? நெஞ்செலும்பு கூராகத் துருத்துகிறதா? பாதத்தின் அடியில் கரும்பொருக்கு உண்டா? வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்று முக்குகிறதா? முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். இளஞ்சூட்டு நீரில் இருபது நிமிடம் இருத்துங்கள். பலனில்லையேல் வைத்தியரிடம் விரையுங்கள். உள்ளே முட்டையை உடைக்க முனையாதீர்கள். முட்டை நின்ற கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த முட்டைத் தீனி சிறுநீரகத்தைக் கெடுக்கும்; தீனியை மாற்றுங்கள். ஏறும் கழியைத் தாழ்த்துங்கள். பனிக்காலத்தில் சூட்டு விளக்கைவிட உலர்ந்த படுக்கையும் காற்றோட்டமுமே பாதுகாப்பு. அவ்விளக்கால் கூடுகள் தீப்பற்றியதுண்டு.

இறுதியில், தேற முடியாத வேதனை வரும்போது வலியின்றி உயிர்பிரியச் செய்யும் ஊசி மிருக வைத்தியரிடம் உண்டு. அதனைப் பாவமென எண்ணித் தயங்குவோர், நாட்கணக்கில் அது துடிப்பதைப் பார்த்திருப்பதன் பாவத்தையும் எண்ணுதல் நன்று. ஊசியேற்றிய உடலைப் பிற விலங்குகள் தீண்டாவண்ணம், வைத்தியர் கூறும் முறைப்படி அடக்கம் செய்தல் அவசியம்.

வாய்பேசாத உயிருக்குத் தன் நோவைச் சொல்ல மொழியில்லை. புதிய நாட்டின் வைத்தியசாலையில் சொல் தேடித் தவித்த எமக்கு, அந்நிலை புரியாததன்று. அதனைக் கூட்டில் அடைத்தவர்கள் நாம். அதன் பொருட்டு வாய்திறக்க வேண்டியவர்களும் நாமே.