உங்களுக்குத் தெரியுமா? 225 சதுர அடியும் ஒரு கிராஃப் தாளும்

மும்பையின் குடிசை மறுவாழ்வுத் திட்டமான எஸ்.ஆர்.ஏ. 1995-இல் தொடங்கியபோது குடிசைக்குப் பதிலாகக் கிடைத்த வீடு 225 சதுர அடி. பிறகு 269 ஆனது, இப்போது 300. பாண்டுபில் சாவி கைக்கு வந்த கையோடு சோபா செட் பார்க்கக் கிளம்புகிறவர்களே, ஒரு நாள் பொறுங்கள். முதல் செலவு கிராஃப் தாளாக இருக்கட்டும்.

1 அடிக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 15-க்கு 15 அடி வீடு முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிடும். சுவர், ஜன்னல், ஓட்டா (சமையல் மேடை), மோரி (கழுவும் இடம்), ப்ளக் பாயிண்ட் எல்லாவற்றையும் குறியுங்கள். கதவு திறக்கும் வட்டத்தைக் காம்பஸால் போடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பழைய காலண்டர் அட்டையில் தீவானை 6-க்கு 3, இரும்பு பீரோவை 3-க்கு ஒன்றரை, ஃப்ரிட்ஜை 2-க்கு 2 என்றும், வாங்க நினைக்கும் சோபாவை அதன் அளவிலும் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். நடக்க 2 அடியாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்த சோபா உங்கள் வீட்டுக்கானது அல்ல. கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் சந்து திரும்பும் இடத்தையும் படிக்கட்டு வளைவையும் டேப் வைத்து அளந்துவிட்டுப் பீரோ வாங்குங்கள்.

ஓட்டாவில் காய் நறுக்கும்போது உங்கள் நிழலே கத்தி மேல் விழுகிறதா? டியூப் லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேல் ஷெல்ஃபின் அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டினால் போதும். சமைக்கவும் படிக்கவும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம், படுக்கும் பக்கம் 2700 மஞ்சள் வெளிச்சம். இந்த எண் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்.

ஜன்னல் ஒன்றுதான் என்றால் அதற்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டுங்கள். மாளாவின் (பரணின்) அடிப்பக்கத்துக்கு வெள்ளை அடியுங்கள்.

மும்பை மழையில் ஓதம் ஏறாத சுவர் அபூர்வம். பெயிண்ட் அடிக்கும் முன் ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே நீர் முத்து தெரிந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. கசிவை அடைக்காமல் அடிக்கும் பெயிண்ட் உரிந்துதான் விழும். வெளிப்பக்கம் மட்டும் முத்து பூத்தால் அறைக் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுங்கள். எப்படியானாலும் பீரோவைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளியே வையுங்கள்.

வெறும் சுவரை அலங்கரிக்க விலை உயர்ந்த படம் எதற்கு? பால்கர் பக்கத்து வார்லி மக்கள் செம்மண் சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வரைந்தார்கள். நுனியோடு நுனி சேர்ந்த இரண்டு முக்கோணம் உடல், மேலே ஒரு வட்டம் தலை. அந்தக் கலையை உலகம் அறியச் செய்த ஜிவ்யா சோமா மாஷேக்கு 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய நம் வீட்டுக் கைகளுக்கு இது எளிதில் வசப்படும்.

பிள்ளைகளுக்கு வரையக் கை ஓடுகிறதா? மகாராஷ்டிரக் கலை இயக்ககம் நடத்தும் எலிமெண்டரி, இண்டர்மீடியட் டிராயிங் தேர்வுகளைப் பள்ளியில் விசாரியுங்கள். இண்டர்மீடியட் தேறினால் மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. ஸ்டில் லைஃப் பழக ஒரு சொம்பும் இரண்டு வெங்காயமும் போதும். விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி வையுங்கள். சொம்புக்கு முதலில் நடுக்கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கோணாமல் வரும்.