சோர்வுக்கு ஒரு சூத்திரம்

ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை வந்தால் பிரிட்டன் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் தலைகாட்டும்: ஆண்டிலேயே மனம் மிகவும் சோர்ந்துபோகும் நாள் இன்றுதான். 'ப்ளூ மண்டே' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. கிரெடிட் கார்டு பில் வந்துவிட்டது. வெளியே குளிர், இருட்டு. புத்தாண்டுச் சபதமோ முதல் வாரத்திலேயே உடைந்துபோனது. கேட்டால் நமக்கும் சரியென்றுதான் படுகிறது. டீ ஆறுவதற்குள் இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

2005இல் ஸ்கை டிராவல் என்ற பயணத் தொலைக்காட்சி நிறுவனம் ஒரு பத்திரிகைக் குறிப்பை வெளியிட்டது. அந்த ஆண்டின் சோகமான நாள் ஜனவரி 24 என்றது குறிப்பு. ஆதாரமாக ஒரு சூத்திரம். அதன் கீழே இருந்த பெயர் கிளிஃப் ஆர்னல். கார்டிஃப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வாழ்நாள் கல்வி மையத்தில் பாடம் நடத்தியவர். வெயிலைத் தேடிப் பயணம் போக மக்களுக்கு எப்போது ஆசை வரும் என்பதுதான் நிறுவனத்துக்கு வேண்டிய விஷயம். அதே ஆர்னல் ஆண்டின் மகிழ்ச்சியான நாளுக்கும் ஒரு சூத்திரம் கொடுத்தார். அது ஜூன் மாதத்தில் வந்தது. கேட்டு வாங்கியது வால்ஸ் ஐஸ்கிரீம் நிறுவனம்.

சூத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கடனிலிருந்து மாதச் சம்பளத்தைக் கழிக்க வேண்டும். வருவதோடு வானிலையைக் கூட்ட வேண்டும். பிறகு கிறிஸ்துமஸ் முடிந்து எவ்வளவு காலம் ஆனது என்ற எண்ணை எடுத்து, சபதம் உடைந்து எவ்வளவு காலமோ அத்தனை முறை அதையே அதனால் பெருக்கி, அந்த விடையால் முன்னதைப் பெருக்க வேண்டும். கடைசியாக ஊக்கக் குறைவாலும், 'ஏதாவது செய்தாக வேண்டும்' என்ற உணர்வாலும் வகுக்க வேண்டும். கடனுக்குப் பவுண்டு உண்டு. வானிலைக்கும் ஊக்கத்துக்கும் என்ன அளவு? மூன்று கிலோ துவரம்பருப்போடு நேற்றைய மழையைக் கூட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தால் வகுப்பது போன்ற கணக்கு இது.

சரி, அளவை விட்டுவிடுவோம். கணக்கையே போட்டுப் பார்ப்போம், நாளில் எண்ணி. ஒருவரின் சபதம் ஜனவரி 4ஆம் தேதி உடைந்ததென்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 24 அன்று கிறிஸ்துமஸ் முடிந்து 30 நாள், சபதம் உடைந்து 20 நாள். முப்பதை இருபது முறை எழுதிப் பெருக்கினால் 30 இலக்கம் உள்ள ஒரு எண் வருகிறது. இனி பிப்ரவரி 24க்குப் போவோம். 61ஐ 51 முறை எழுதிப் பெருக்க வேண்டும். விடை 92 இலக்கம். அதாவது இந்தச் சூத்திரப்படி சோகம் ஜனவரியில் உச்சம் தொடுவதே இல்லை. மார்ச், ஏப்ரல், ஜூன் என்று ஏறிக்கொண்டே போகிறது; ஐஸ்கிரீம் நாளில் ஜனவரியைவிடப் பல மடங்கு சோகமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றோ நாள் எண்ணிக்கை பூஜ்யம், அதனால் சோகமும் பூஜ்யம். பண்டிகை நாளில் உறவுக்காரர் இருபது பேருக்குச் சமைத்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மருத்துவரும் கார்டியன் பத்திரிகையில் பத்தி எழுதியவருமான பென் கோல்டேக்கர் 2006லேயே இதைக் கடுமையாக விமர்சித்தார். நாள் மட்டும் நிலைத்துவிட்டது.

ஏன் நிலைத்தது? இங்கேதான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். 'சூத்திரம் தப்பாகவே இருக்கட்டும். எனக்கும் அன்றைக்கு மனசு சரியில்லையே, அது பொய்யா?' என்று கேட்கிறோம். மனசு சரியில்லாதது பொய்யில்லை. ஆனால் அது அந்த நாளுக்குச் சான்றும் இல்லை.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் அவரவர் குணத்தைப் பற்றிய குறிப்பைத் தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்புதான். கடைத்தெருவில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வாக்கியங்கள். பிறர் உங்களை மெச்ச வேண்டும் என்று விரும்புகிறீர்கள், எடுத்த முடிவு சரிதானா என்று சில சமயம் சந்தேகப்படுகிறீர்கள் என்ற வகை. யாருக்குத்தான் பொருந்தாது?

ப்ளூ மண்டேயும் இந்த வகைதான். மனநிலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று, பஸ் தவறினால் ஒன்று. எந்த நாளிலும் தேடினால் ஒரு மூலையில் கொஞ்சம் பாரம் கிடைக்கும். இன்று சோகமான நாள் என்று ஒருவர் காலையிலேயே சொல்லிவிட்டால், நாம் அந்த மூலையைத்தான் பார்க்கிறோம். பத்திரிகைகள் எல்லாம் கூடி அடுத்த வியாழனைச் சொல்லியிருந்தால் வியாழனும் பொருந்தியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

திங்கட்கிழமைக்கும் ஒரு வார்த்தை பரிந்து பேச வேண்டும். ஆர்தர் ஸ்டோனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் சுமார் 3,40,000 பேரிடம் தொலைபேசியில் எடுத்த கருத்தெடுப்பை அலசி 2012இல் வெளியிட்டார்கள். வெள்ளியும் வார இறுதியும் மனசுக்கு இதமாக இருந்தன, அதில் மாற்றமில்லை. ஆனால் திங்களுக்கும் செவ்வாய், புதன், வியாழனுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஞாயிறை ஒட்டி நிற்பதால் திங்கள் பழி சுமக்கிறது.

அப்படியானால் பயணம் போனால் தீருமா? 2010இல் நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது; அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். போகும் முன் அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் வித்தியாசம் இல்லை. மிக நிம்மதியாக ஓய்வெடுத்து வந்தவர்களுக்கு மட்டும் சிறிது தங்கியது. பெட்டி கட்டும் நாள்களில்தான் மகிழ்ச்சி அதிகம். நீண்ட விடுமுறை ஒன்றுக்குப் பதில் சிறிது சிறிதாக இரண்டு மூன்று போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. காத்திருக்கும் சந்தோஷம் அத்தனை முறை கிடைக்கும்.

இவ்வளவு சொன்னதால் குளிர்காலச் சோர்வே கற்பனை என்று எண்ணிவிடக் கூடாது. டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு ஆண்டுதோறும் மனச்சோர்வு வருவதை நார்மன் ரோசெந்தாலும் சகாக்களும் 1984இல் விவரித்தார்கள். தூக்கம் கூடும், இனிப்பிலும் மாவுப் பண்டத்திலும் ஆசை கூடும், எழுந்து நடக்கவே பிடிக்காது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காரச் சொல்வது இதற்கான சிகிச்சைகளில் ஒன்று. லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. வீட்டுக் கூடத்து விளக்கில் சில நூறுதான் இருக்கும். இந்தச் சோர்வு மாதக்கணக்கில் நீடிப்பது. இதைப் போய் ஒரு திங்கட்கிழமையோடு சேர்த்துப் பேசுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. உண்மையிலேயே நோயுற்ற ஒருவர், 'எல்லோருக்கும் இருப்பதுதானே, நாளைக்குச் சரியாகிவிடும்' என்று மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடலாம். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் தேதியைப் பார்க்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மனம் உடைந்தவர்கள் பேசுவதற்காக 1953இல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு, அந்த மூன்றாவது திங்களை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டது. யாரையாவது கூப்பிட்டு ஒரு கோப்பை டீயோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று அன்று ஊரெல்லாம் சொல்கிறது. ரயில் நிலையங்களில் தொண்டர்கள் நின்று டீத்தூள் பைகளை நீட்டுகிறார்கள். அவர்களுடைய தொலைபேசிக்கு விடுமுறை கிடையாது. ஜூன் மாதத்து நள்ளிரவிலும் ஒருவர் எடுத்துப் பேசுகிறார்.