பழங்கணினியும் சாத்திர தானமும்

கணினி பழசாகிவிட்டது என்று சொல்கிறோம். பெரும்பாலும் பழசாவது கணினி அல்ல. அதற்குள் ஓடும் இயங்குதளம்தான். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எனவே 2017-க்கு முன்பு வாங்கிய கணினிகள் பெரும்பாலும், திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தும், தகுதி இழந்து நிற்கின்றன.

தகுதி இழந்த கணினி எங்கே போகிறது? நாம் வாழும் இந்தத் தில்லியில் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டால், பல கை மாறி வடகிழக்கே சீலம்பூருக்குப் போய்ச் சேரக்கூடும். கம்பியை எரித்துச் செம்பு எடுப்பதும், மின்சுற்றுத் தகடுகளை அமிலத்தில் இட்டு உலோகம் பிரிப்பதும் அந்தப் பக்கங்களில் நடந்துவந்த தொழில். அந்தப் புகை யார் மூச்சில் போகிறது என்று நாம் கேட்பதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதற்கு வழி சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் உழைக்கக்கூடிய பொருளைக் கழிவாக்காமல் இருப்பது அதைவிட நல்லது. அதற்கு உதவுவதுதான் லினக்ஸ்.

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவை எழுதினார். மறு ஆண்டு அதை க்னூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததே இன்றைய இயங்குதளம். அந்த உரிமம் நமக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது: எதற்கும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்கு நகல் தரலாம், திருத்திய நகலையும் தரலாம்.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. சமணத்தில் உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்று தானம் நான்கு. சாத்திர தானமாவது, நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பெ என்ற அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. படியெடுக்க உரிமை இருந்ததால்தான் அது நடந்தது.

இனி நிறுவும் முறை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்; பயப்பட வேண்டாம்.

முதலாவது, கணினியின் தகுதி பார்ப்பது. லினக்ஸில் பல வகை உண்டு. புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட், அதிலும் ‘எக்ஸ்எஃப்சிஇ’ என்ற எளிய வடிவம் ஏற்றது. ரேம் 2 ஜி.பி. போதும், 4 இருந்தால் சௌகரியம். வன்தட்டில் 20 ஜி.பி. இடமாவது வேணும். 2024-இல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. செயலி 64 பிட்டாக இருக்க வேண்டும். 2006-இல் வந்த கோர் 2 டுவோவே 64 பிட்தான்.

இரண்டாவது, உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது. இதுதான் முக்கியம். நிறுவும்போது வன்தட்டு முழுவதும் அழிக்கப்படலாம். படங்கள், கணக்குகள், கட்டுரைகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் இரண்டு நகல் எடுத்துத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். தமிழர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாம் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் யூனிகோடு அல்ல. டிஸ்கி, டாப், டாம் போன்ற குறியீடுகளில் இருக்கும். அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்காவிட்டால், கட்டுரை இருக்கும், எழுத்து தெரியாது. திருநறுங்கொண்டை, சித்தாமூர் பற்றி நான் சேர்த்த கல்வெட்டுக் குறிப்புகள் எல்லாம் அப்படிப்பட்டவை. எழுத்துருவோடு காப்பாற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன்.

மூன்றாவது, இயங்குதளத்தைப் பெறுவது. மின்ட் தளத்திலிருந்து சுமார் 3 ஜி.பி. அளவுள்ள ‘ஐ.எஸ்.ஓ.’ கோப்பை இறக்கி, அங்கே தந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பாருங்கள். கோப்பைப் பென் டிரைவில் சும்மா நகலெடுத்தால் கணினி அதிலிருந்து எழும்பாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச நிரலால் எழுத வேண்டும். டிரைவில் முன்பு இருந்தது அழிந்துவிடும்.

நான்காவது, நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது. கணினியை அணைத்து மறுபடி எழுப்பும்போது, எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று நிதானமாகப் பாருங்கள். பிடிக்கவில்லையா? டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழையபடி விண்டோஸ்.

ஐந்தாவது, நிறுவுவது. திரையில் உள்ள ‘இன்ஸ்டால்’ படத்தைச் சொடுக்கினால் மொழி, விசைப்பலகை கேட்கும். பிறகு, விண்டோஸோடு பக்கத்தில் வைக்கவா, வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவவா என்று கேட்கும். இங்கே மட்டும் இரண்டு முறை படித்துப் பதில் சொல்லுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் புதுப்பிப்புகளை ஏற்றி, ‘ஐபஸ்’ வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்கும் எழுதலாம்.

அப்படியும் மெதுவாக ஓடினால் பழைய சுழலும் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். நேரு பிளேஸில் கிடைக்கும்; செலவு புதுக் கணினி விலையில் சிறு பங்குதான். என் கடையின் 2009-ஆம் ஆண்டுக் கணினி அப்படித்தான் இன்றும் உழைக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். வியாபாரிகள் பயன்படுத்தும் டாலி, விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதை நம்பியிருப்பவர்கள் கணக்குக்கு ஒரு விண்டோஸ் கணினியைத் தனியே வைத்துக்கொள்வதே நல்லது. சில பிரிண்டர்களுக்கும் லினக்ஸில் இயக்கி நிரல் கிடைப்பதில்லை. படிக்கவும் எழுதவும் வலைத்தளம் பார்க்கவும் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

நம் வீடுகளில் பரணில் கிடக்கும் கணினி, படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கருவியாகலாம். நீங்கள் நிறுவி முடித்ததும் பென் டிரைவை மேசைக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். அது திருட்டு நகல் அல்ல. எழுதியவரே அனுமதித்த தானம்.