முத்திரைக்குப் பணம் கட்டும் முன்

வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்தோ, சேலை வாங்கி விற்றோ, சொந்தமாக ஒரு இணையக் கடை தொடங்கியவர்களைத் தேடி இந்த அழைப்பு வருகிறது. "எங்க முத்திரை இருந்தாத்தான் கஸ்டமர் நம்பிப் பணம் போடுவாங்க, மேடம். வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினாப் போதும்." தளத்தில் போட ஒரு பச்சை டிக், 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி. புதிதாகத் தொழிலில் இறங்கியவரின் பயத்தைக் குறிவைத்து விற்கப்படும் பொருள் இது.

அந்த முத்திரைக்குப் பின்னால் யார், எதை, எப்போது சோதித்தார்கள்? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் கிடைத்த பதில் நமக்கும் உதவும். கன்ட்ரோல்ஸ்கேன் என்ற நிறுவனத்தின் முத்திரையில் அன்றன்றைய தேதி காட்டப்பட்டது. பார்ப்பவர், இன்றுதான் சோதித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அப்படித் தினசரிச் சோதனை எதுவும் நடக்கவில்லை என்று அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2010இல் குற்றம் சாட்டியது. மிகப் பிரபலமான ட்ரஸ்ட்இ முத்திரையும் தப்பவில்லை. ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்வதாகச் சொல்லிவிட்டு, 2006 முதல் 2013 வரை ஆயிரம் தடவைக்கு மேல் செய்யாமல் விட்டதாகப் புகார். 2014இல் 2 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

இதற்கு முன்பே பெஞ்சமின் எடல்மேன் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டிருந்தார். ட்ரஸ்ட்இ சான்று பெற்ற தளங்களில் நம்பத்தகாதவற்றின் விகிதம், சான்று பெறாத தளங்களில் இருந்ததைவிட இரு மடங்குக்கும் அதிகம். யோசித்தால் காரணம் புரியும். சோதனை தளர்வாக இருந்தால், நல்ல பெயர் இல்லாதவருக்குத்தான் முத்திரை அதிகம் தேவைப்படுகிறது.

'பாதுகாப்பான தளம்' என்று சொல்லிப் பூட்டுச் சின்னத்தை விற்பவர்களும் உண்டு. தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. மோசடித் தளமும் அதை வாங்கலாம். பூட்டு இருந்தால் தளமே நம்பகமானது என்று மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023இல் குரோம் உலாவி முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

என் கருத்து இதுதான்: சிறு வியாபாரி முத்திரைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர் தானே சரிபார்க்கக்கூடிய விவரங்களைத் தந்தால் போதும். சொந்தத் தளம் வைத்து விற்பவர் தொழிலின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், பொருளைத் திருப்பித் தரும் விதி எல்லாவற்றையும் தளத்தில் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளே சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண் இருந்தால் போடுங்கள். அரசுத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் கட்டாயம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

எந்தச் சான்றும் பெறாமல் இணையத்தில் கிடைத்த படத்தை ஒட்டிக்கொள்வது இன்னும் ஆபத்து. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? சொன்ன சோதனையைச் செய்தார்களா, அறிக்கை எங்கே என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். "நீங்க வியாபாரி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்க வாய்ப்பு உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பணம் வாங்கியவர் ஆளே காணாமல் போய்விட்டால், அது சைபர் மோசடி. தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.